பெயர்க் காரணம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் சேறு பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். விடாமல் கேட்பவர்களிடம், கடலடிச் சேற்றில் ஓடு பொறுக்குகிறேன் என்றால் முத்து கிடைக்குமா என்பார்கள். கிடைக்காது. கிடைப்பதெல்லாம் மணலோடு மணலாகக் கிடக்கும் பொடி ஓடுகள். வெறும் கண்ணுக்கு மாவுத்தூள். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் சுருள், கோபுரம், பின்னல் என்று ஒவ்வொன்றும் தன் அழகைக் காட்டும். ஒரே ஒரு செல் உள்ள உயிர், சுண்ணாம்பில் தனக்கு ஓர் அறை கட்டிக்கொள்கிறது. வளர்ந்து இடம் போதாமல் போனால் ஒட்டினாற்போல இன்னோர் அறை கட்டுகிறது. கொத்தனாரோடு சண்டை போடாமல் வீடு கட்டும் கூட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஃபொராமினிஃபெரா என்பது முழுப் பெயர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் பொறுமை இல்லை, ஃபோராம் என்போம்.

சேற்றைச் சலித்துக் கழுவிக் காயவைத்துத் தருவது சல்லடை அக்கா. குழாயடியில் நின்று அவர் பேசும் பேச்சிலேயே பாதிச் சேறு கரைந்துவிடும். அவர் தரும் தூளைக் கறுப்புத் தட்டில் தூவி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, நுனியில் நாலே முடி இருக்கும் பிரஷ்ஷால் ஓடுகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பது என் வேலை. ஈரமான நுனியில் ஓடு ஒட்டிக்கொண்டு வரும். ஈரத்துக்குத் தண்ணீர்தான் தொட வேண்டும் என்று சுவரில் அறிவிப்பு இருக்கிறது. அதற்கென்று மேசைக்கு மேசை ஒரு கிண்ணமும் இருக்கிறது. அந்தக் கிண்ணங்களில் குண்டூசியும் ரப்பர் பேண்டும் கிடக்கும். இந்தத் தொழிலில் யாராக இருந்தாலும் பிரஷ்ஷை உதட்டில் வைத்து, நாக்கு நுனியில் ஒரு திருகு திருகித்தான் கூராக்குவார்கள். எத்தனை பட்டம் வாங்கினாலும் இந்தப் பழக்கம் போகாது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஆழ்கடலிலிருந்து வந்த ஒரு சேற்றில் அந்த ஓடு என் கண்ணில் பட்டது. ஆரம்ப அறைகள் எல்லாம் ஒழுங்காகச் சுருண்டிருந்தன. கடைசி மூன்று அறைகள் மட்டும் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றன. வாயில் பல் வரிசை. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டினேன், வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் படம் அனுப்பிக் கேட்டேன். அவர்களும் பார்த்ததில்லை என்றார்கள். புது இனம். பெயர் வைக்கும் உரிமை எனக்கு.

இந்தத் தொழிலில் பலருக்கு இது ஆயுசுக்கு ஒருமுறை நடக்கும். சிலருக்கு அதுவும் நடக்காது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் வைத்துக்கொண்டவன் முகத்தில் அப்புறம் யாரும் விழிக்க மாட்டார்கள். மற்றபடி யார் பெயரையும் வைக்கலாம். நான் யார் பெயரை வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், புது இனம் கிடைத்தால் கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அப்படியானால் ஒன்றுக்குத் தன் பெயர் வைப்பாயா என்று கேட்டார். கிடைத்தால் உங்களுக்குத்தான் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. ஆனால் புதுச் சேறு வந்திருக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அவர் பெயர் எழுதியிருப்பது லிஃப்டுக்குள் தொங்கும் பராமரிப்பு அட்டையில் மட்டும்தான். அட்டை நிரம்பினால் அதையும் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "எனக்கா?" என்றார். உங்களுக்குத்தான் என்றேன். ஐம்பதை நெருங்குகிற மனிதர், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி காதுவரை சிவந்துபோனார். மறுநாள் அவர் கம்பெனியில் இது தெரியாத ஆளே இல்லை. பழுது பார்க்கப் போன கட்டடங்களின் காவலாளிகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் கொடுக்கப் போகிற உருப்படியான பொருள் இது ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயக்குநர் ஓய்வு பெறும் வருஷத்தில் புது இனம் எது கிடைத்தாலும் அது அவருக்கு. போன இயக்குநருக்கு ஒரு நல்ல சுருள் அமைந்தது. அதற்கு முந்தியவருக்கு உருளைக்கிழங்கு போல ஒன்று. மனுஷன் அதன் படத்தையும் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார். இப்போதைய இயக்குநருக்கு இது கடைசி வருஷம். ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார், கதவைச் சாத்தச் சொன்னார், காபி வரவழைத்தார். இத்தனை வருஷம் என் விண்ணப்பம் எதையும் தடுத்ததில்லை என்று ஆரம்பித்தபோதே எங்கே வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தன்னோடு படித்தவர்கள் எல்லோர் பெயரிலும் ஏதாவது ஒன்று கடலில் இருக்கிறது, தனக்கு மட்டும்தான் எதுவும் அமையவில்லை என்றார். கடைசியில் சொன்னதுதான் உச்சம்.

"என் பேர் கொஞ்சம் நீளம். நீ சங்கடப்படாத, சுருக்கி வெச்சாலும் எனக்கு வருத்தமில்ல."

எதிரில் யார் நின்றாலும் வெடுக்கென்று பேசிவிடுகிறவள் என்று எனக்குப் பெயர். அன்று அந்தப் பெயரை நான் காப்பாற்றவில்லை. முதலில் நல்ல படம் எடுக்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம் சார் என்று மழுப்பிவிட்டு வந்தேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அவரோ அன்று மாலைதான் லத்தீனில் தன் பெயர் எப்படி மாறும் என்று கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இயக்குநர் 'தன்' ஓடு எப்படி இருக்கிறது என்று பார்க்க மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். லென்ஸில் கண்ணை வைத்தவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். அப்புறம், அழகி, அழகி என்று முணுமுணுத்தார். இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டுமே என்றார். நான் திருப்பிக் காட்டுகிறேன் என்று சொல்வதற்குள், நானும் உன்னைப்போல் வருஷக்கணக்கில் இதே நாற்காலியில் உட்கார்ந்தவன்தான் என்று என் பிரஷ்ஷை எடுத்துவிட்டார். ஓடு நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டில் திருப்பி வைக்கப் பார்த்தார், விழவில்லை. பிரஷ்ஷின் முடி பிரிந்திருந்தது. உடனே அதை உதட்டில் வைத்து, நாக்கு நுனியில் ஒரு திருகு திருகினார்.

திருகி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன்; மேலதிகாரி வாய்க்குள் டார்ச் அடிக்கிறோமே என்றுகூட அப்போது தோன்றவில்லை. ஒன்றும் இல்லை. பதற்றத்தில் எச்சிலை விழுங்கிவிட்டாராம்.

சத்தம் கேட்டு வந்த சல்லடை அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் சல்லடையைக் கையில் எடுத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க. நாளைக்குக் காலையில சார் கொஞ்சம் ஒத்துழைச்சா சலிச்சுப் பாத்துடலாம்."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. சுண்ணாம்பு ஓடு, வயிற்று அமிலத்தில் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று நான்தான் சொல்லி அவரைக் காப்பாற்றினேன். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. ஓடு இல்லாவிட்டால் இனம் இல்லை. அத்தாட்சியாக ஓர் ஓடாவது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். படத்தை மட்டும் வைத்துப் பெயர் வைத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். அந்தச் சேற்றில் மிச்சம் இருந்தது நாலைந்து ஜாடி. அதில் இன்னொன்று இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் கம்பெனியில் தலைகாட்ட முடியாது.

ஓடு தொலைந்த கதையை வீட்டில் முழுக்கச் சொன்னேன். இயக்குநர் அதைத் தனக்கென்று நினைத்துக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பாவம் அந்த மனுஷன் ராத்திரி எப்படித் தூங்குவார் என்றார்.

மறுநாள் மதியம் இயக்குநர் டை இல்லாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். கிண்ணத்திலிருந்த குண்டூசிகளைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்து வைத்தார். எங்கள் கூடத்தில் அந்தக் கிண்ணத்தில் தண்ணீரைப் பார்த்தது அன்றுதான். ஒரு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் மதியம் வந்துவிடுவார். முதல் சில நாள் கழுத்து வலி, கண் வலி என்று ஒரே புலம்பல். அப்புறம் புலம்பல் நின்று வேறு தொல்லை ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம், இதைப் பார், இதன் இடுப்பைப் பார், இதன் கொண்டையைப் பார் என்று என்னைக் கூப்பிட்டபடி இருந்தார். கணக்குப் பிரிவுக்காரர்கள் கையெழுத்துக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து வரிசையில் நின்றார்கள். மனுஷன் பத்து வயது குறைந்துபோயிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அதுதான் பெரிய கஷ்டமாகப் போயிற்று. திட்டிக்கொண்டே இருக்க முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மாலை அவர் வேலையில் மூழ்கி அலுவலகக் காரைத் தவறவிட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கம்பெனி வேனோடு வாசலில் நின்றிருந்தார். சாரையும் ஏற்றிக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் முன்னால், நான் பின்னால் கம்பிச் சுருள்களுக்கு நடுவில். பேச்சோடு பேச்சாக இயக்குநர், உங்களுக்கும் இந்த ஃபோராம் எல்லாம் தெரியுமா என்று கேட்டு வைத்தார். இவர் கியரை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஃபொராமென்னா ஓட்டையாம் சார், ஃபெரான்னா சுமக்கறதாம். ஓட்டை சுமக்கறது. முதல்ல பேர் வெச்சவங்க இதுங்களக் கணவாய் மீனுக்குச் சொந்தம்னு நெனச்சுட்டாங்க. கணவாய்ச் சொந்தத்துல ஓடு உள்ளதுக்கு அறைக்கு அறை நடுவுல குழாய் போகும். இதுல குழாய் இல்ல, சுவத்துல வெறும் ஓட்டைதான். அதனால அந்தப் பேர். அப்புறம் பாத்தா சொந்தமாவது ஒண்ணாவது, அது வேற, இது வேற. ஆனா வெச்ச பேரு வெச்சதுதான்."

வாழ்நாளெல்லாம் இதையே படித்த மனிதரிடம் இதையே விளக்குகிறாரே என்று நான் பின்னால் நெளிந்தேன். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்து, மேலே சொல்லுங்கள் என்றார். அறைக்கு அறை ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எப்படிப் போய்வரும், லிஃப்ட் வைத்த கட்டடமும் அப்படித்தான், மாடிக்கு மாடி ஓட்டை போட்டால்தான் கட்டடம், நானும் அந்த ஓட்டைக்குள் நின்றுதான் ஆயுசு முழுக்க வேலை பார்க்கிறேன் என்று இவர் அளந்துகொண்டே போனார். எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருமினேன். கம்பிச் சுருளை உதைத்தேன். இவர் காதில் விழவில்லை.

"அதான் சார், அந்தப் புதுசுக்கு என் பேர வெக்கறேன்னு இவ சொன்னதும் எனக்கு ரொம்பப் பொருத்தமாப் பட்டுது."

இயக்குநர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது, பொருத்தம்தான் என்று இயக்குநர் மெதுவாகச் சொன்னார். வேன் கதவைச் சாத்த மறந்து அப்படியே உள்ளே போய்விட்டார்.

நான் முன் இருக்கைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரர் வேனின் வேகத்தைக் குறைத்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனே என்றார். பெரிய மனுஷன், இந்த வருஷத்தோடு வீட்டுக்குப் போகப் போகிறார், அவருக்கே வைத்துவிடு என்றார். வாய் அப்படிச் சொன்னது. முகம் வேறு சொன்னது. கம்பெனியில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் இயக்குநர் வந்து உட்கார்ந்ததும் நேரே அவர் மேசைக்குப் போய் நின்றேன்.

"சார், அந்தப் பேர உங்களுக்கு வெக்க முடியாது. அது அவருக்குத்தான்."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேசைய ஆட்டாத. தூள் பறக்குது" என்றார்.

அவ்வளவுதான். இனிமேல் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். இடுப்பையும் கொண்டையையும் காட்டிக் கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிருந்தது. சல்லடை அக்கா கடைசி ஜாடியைக் கழுவிக் கொடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வையில், இனி தன் கையில் எதுவும் இல்லை என்று இருந்தது.

கடைசி ஜாடியில் பாதி தீர்ந்திருக்கும். பக்கத்து மேசையில் திடீரென்று நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். பார்த்தால் இயக்குநர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி சுவரோரம் நிற்கிறார்.

"நீ வந்து எடு," என்றார். "நான் தொட மாட்டேன்."

போய்ப் பார்த்தேன். ஒழுங்கான சுருள், கோபித்துக்கொண்டு திரும்பிய மூன்று அறைகள், பல் வரிசை. பழையதைவிடப் பெரியது, மூக்கும் முழியுமாக இருந்தது. தண்ணீரைத் தொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்து ஒட்டி மூடிய பிறகுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். இயக்குநர் பேனாவை எடுத்தார். ஸ்லைடின் ஓரத்துச் சீட்டில் கண்டெடுத்தவர் என்று எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதுவார் என்று நினைத்தேன், அது அவருக்கு நியாயமும்கூட. இனப் பெயர் எழுதும் இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை, லத்தீன் வால் வைத்து, அச்சடித்தாற்போல எழுதினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார்.

"எனக்குன்னு வந்தத நான் சாப்பிட்டாச்சு. ரெண்டாவது கேக்கறது மரியாத இல்ல."

கட்டுரையை எழுதி அவர் ஒப்புதலுக்கு வைத்தேன். இப்படிப்பட்ட கட்டுரையில் பெயர்க் காரணம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். யார் பெயர், ஏன் என்று சொல்ல வேண்டும். கட்டுரை ஆசிரியரின் கணவர், லிஃப்ட் மெக்கானிக் என்று நான் எழுதியிருந்தேன். இயக்குநர் அதைச் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இது உறவு, காரணம் எங்கே என்று கேட்டார். நாள் முழுக்க யோசித்தேன். எல்லோரும் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பெயரை வைப்பார்கள், கப்பல் கொடுத்தவர் பெயரை வைப்பார்கள். இவர் இந்த அறிவியலுக்கு என்ன செய்தார்? மாலை ஆனால் வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு நிற்பார். அதையெல்லாம் எழுத முடியுமா?

அன்று மாலை வீட்டுக்காரரை உள்ளே கூட்டிவந்தேன், அவர் பேர் சுமக்கும் ஓட்டை ஒருதரம் பார்க்கட்டும் என்று. நாற்காலியில் உட்கார்த்தி, லென்ஸைச் சரிசெய்து கொடுத்தேன். குனிந்தார். நன்றாக இருக்கிறது என்றார். எத்தனை அறை தெரிகிறது என்று கேட்டேன். குமிழை இப்படியும் அப்படியும் திருகினார். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"கோச்சுக்காத. எனக்கு என் இமை முடிதான் தெரியுது. எப்பவுமே அதுதான் தெரிஞ்சிருக்கு."

கல்யாணமான வருஷத்திலிருந்து எத்தனையோ ஓடுகளை அவருக்குக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் வேனில் அவ்வளவு பேசினீர்களே, சுவர், ஓட்டை, அறை என்று, அதெல்லாம் என்ன என்று கேட்டேன். நீ சொன்னாயே என்றார். நீ சொன்னால் இருக்கும் என்றார். அவரை வேனுக்கு அனுப்பிவிட்டு அந்த வரியை எழுதி, இயக்குநர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் அது கையெழுத்தோடு என் மேசைக்கு வந்திருந்தது. சுழித்திருக்கவில்லை.

இதழ் வந்த அன்று வேனில் ஏறியதும் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நீங்கள் ஓட்டுங்கள், நான் படிக்கிறேன் என்றேன். வண்டி தெருவுக்கு வந்ததும், ஆங்கிலத்தில் இருந்ததை நம் பேச்சில் படித்துச் சொன்னேன்.

"பெயர்க் காரணம்: ஆசிரியரின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். இந்த உயிர்களில் ஒன்றையும் பார்க்க முடியாதவர். இருக்கின்றன என்று ஆசிரியர் சொன்னதை, ஒருமுறைகூடச் சந்தேகப்படாதவர்."

அவர் வியர்வையைத் துடைக்கிற மாதிரி கையை முகத்துக்குக் கொண்டுபோனார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய திருப்பம் வந்தது. திரும்பாமல் நேரே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திருப்பத்தை விட்டுவிட்டீர்கள் என்று நானும் சொல்லவில்லை.